கோடு இல்லை

பிலவேந்திரனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ஒரு காலைத் தூக்கி விமானத்தின் சக்கரத்தின் மேல் வைத்து அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். காலை ஐந்தே முக்கால். ராத்திரி முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் இறக்கைக்கு அடியில் குந்தி, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி, டாங்கியின் அடிக்குழாயைத் திறந்து பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக்கொண்டிருந்தேன். "கோடு இருக்கா?" என்றான் நிமிராமலே. டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு "இல்ல" என்றேன். "ரெண்டு தடவ பாத்தியா?" "பாத்தேன்டா. உங்கம்மா மாதிரி நச்சரிக்காத." "எங்கம்மான்னா மூணு தடவ கேக்கும்" என்று சிரித்தான். பாட்டிலில் இருந்ததை வழக்கம்போலப் புல்லில் வீசிக் கொட்டினேன். "டீ சொல்லி வை ஞானம். பத்து நிமிஷத்துல வந்துடுறேன். ஆடை விழக் கூடாது, சொல்லிட்டேன்." கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு இழுத்தான். நான் டீக்கடைப் பக்கம் நடந்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்தது விமானத்தைத்தான், அவனை அல்ல. இரண்டு தடவை பார்த்தேன் என்று சொன்னேனே, ஒரு தடவைதான் பார்த்தேன்.

இதை எழுதும்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. நடுவில் வந்து போன எவ்வளவோ மறந்துவிட்டது. முந்தாநாள் யார் வந்தார்கள் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவன் போன ஒன்பதாம் நாள் காலையில் நான் தனியாகப் பறந்த அந்த ஏழு நிமிடம் மட்டும் கழியவே இல்லை. பல் விளக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நான் அதற்குள்ளேயே இருக்கிறேன். அறுபத்தொன்பதாம் வருடம், ஐப்பசி மாதம். எனக்கு இருபத்து மூன்று வயது, தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் வேலை. ஊருக்கு வெளியே யுத்த காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று இருந்தது; அதில் இரண்டு சிறிய விமானங்களை வைத்துக்கொண்டு ஒரு பறக்கும் சங்கம் எங்களைப் போன்றவர்களுக்குச் சலுகையில் கற்றுக்கொடுத்தது. வெயில் ஏறினால் காற்று கிளம்பிவிடும், கற்றுக்கொள்கிறவன் கையில் விமானம் நிற்காது. அதனால் எல்லாம் எட்டு மணிக்குள் முடிய வேண்டும். அந்த அவசரத்தில்தான் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. பறக்கப்போகிறவன் இறக்கையையும் வாலையும் சுற்றிப் பார்ப்பான், அடுத்துப் பறக்க இருப்பவன் பெட்ரோலைப் பார்ப்பான். பறக்கிறவனே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பதுதான் சட்டம். அது அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. பெட்ரோல் பார்ப்பது சுலபம். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும், இரண்டுக்கும் நடுவில் கோடு ஒன்று தெரியும். கோடு தெரிந்தால், தெரியாமல் போகும்வரை வடித்துக் கொட்ட வேண்டும். கோடு இல்லையென்றால் பறக்கலாம். பாட்டில், கம்பவுண்டர் மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுக்கும் பழைய மருந்து பாட்டில்; வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். ஐந்து மாதமாக தினமும் அந்தக் காகிதப் பல்லுக்குப் பக்கத்தில் கோட்டைத் தேடினேன். தேடியது கோட்டை மட்டும்தான். பாட்டிலில் இருப்பது என்ன என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

இதோ, அந்த ஒன்பதாம் நாள் காலை, எங்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் வேதகிரி சார் விமானத்தின் கதவு வழியாகத் தலையை நீட்டி என் இடுப்பு வாரை இழுத்துப் பார்க்கிறார். பக்கத்து இருக்கை காலி; அதன் வார்களைக் குறுக்காகக் கட்டிவைத்திருக்கிறார்கள், ஆள் இல்லாத இடத்தில் ஆளைக் கட்டிப்போட்டதுபோல. "ஒரே ஒரு சுத்து. ஏறு, திரும்பு, இறங்கு, அவ்வளவுதான்." "நாளைக்கு வச்சுக்கலாமா சார்?" "இன்னைக்கு ஏறலேன்னா நீ எப்பவும் ஏறமாட்டே. பட்டாளத்துல ஒருத்தன் விழுந்தா மத்தவன எல்லாம் அன்னைக்கே மேல அனுப்புவாங்க. நான் உனக்கு ஒம்பது நாள் குடுத்திருக்கேன்." கதவைச் சாத்தப்போனவர் நிறுத்தி, குரலை இறக்கினார். "எட்டு மணிக்கு அந்த டெல்லி ஆபீசர் விசாரிக்க வர்றார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இங்க யார் யாருக்காக எதைப் பாத்தாங்கன்னு கதை சொல்லிட்டிருக்காதே." என் கண்ணைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியுமா? ஏற்பாடு தெரியும், அன்று பாட்டில் பிடித்தது யார் என்று தெரியுமா? அவர் அப்போது அலுவலகத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார், ஜன்னல் இந்தப் பக்கம்தான், ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி அந்தப் பக்கச் சுவரில். மெக்கானிக் காதர் பாய் முன்னால் நின்று விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைப் பிடித்துவிட்டார். "சுவிட்ச் ஆஃப்?" "ஆஃப்." "காண்டாக்ட்!" "காண்டாக்ட்." ஒரே தள்ளு, பிடித்துக்கொண்டது. சத்தம் நெஞ்சுக்கூட்டில் ஏறியது. பெட்ரோல் சரி. இன்று ஏழு தடவை பிடித்தேன். ஏழாவது தடவை பாட்டிலுக்குள் எச்சில் துப்பிப் பார்த்தேன். அது அடியில் போய் ஜவ்வரிசி மாதிரி உருண்டு நின்றது. அப்படியென்றால் மேலே இருப்பது பெட்ரோல். எச்சில் தண்ணீர்தானே? தண்ணீரில் எச்சில் துப்பினால் மிதக்கும், கரையும், உருண்டு நிற்காது. வீட்டில் டம்ளரில் துப்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் எட்டாவது தடவை பார்த்திருக்கலாம். கீழே இறங்கி எட்டாவது தடவை பார்க்கிறேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது.

ஓடுதளத்தின் முனையில் வந்து நிற்கிறேன். காற்றுத்திசை காட்டும் துணிப்பை ஏரிப் பக்கம் முகம் காட்டுகிறது. அப்படியென்றால் ஏரியைப் பார்த்துத்தான் ஏற வேண்டும், அவன் ஏறிய அதே பக்கம். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினேன். மாதாவுக்குச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரம் ஒன்று, இரண்டு. அம்மா முட்டை வேகவைக்க அதைத்தான் கணக்கு வைத்துக்கொள்வாள், ஆறு மந்திரத்துக்கு மஞ்சள்கரு இளகி இருக்கும். குழாயிலும் கார்புரேட்டரிலும் தங்கியிருக்கும் நல்ல பெட்ரோல் தரையில் உருள எல்லாம் போதும், முழு வேகத்தில் ஏறும்போதுதான் எஞ்சின் அள்ளிக் குடிக்கும், அப்போதுதான் டாங்கியில் இருப்பது வரும் என்று காதர் பாய் சொன்னார். மூன்றாவது மந்திரத்தில் சக்கரம் தரையை விட்டது. அது விட்டதும் வயிற்றில் ஏதோ ஒன்று கீழேயே தங்கிவிடும், எப்போதும் அப்படித்தான், இன்று அது மேலே வரவே இல்லை. நாலு. அன்று நான் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு டீ, ஒன்றில் ஆடை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். விமானச் சத்தம் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் திடீரென்று டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. குவளையிலிருந்து குவளைக்கு விழுகிற அந்தச் சத்தம். அதுவரை அது கேட்கவில்லை. அது ஏன் கேட்கிறது என்று நினைத்த பிறகுதான் திரும்பினேன். அஞ்சு. எஞ்சின் இருமியதா? இல்லை. கதவு அதிர்கிறது. எஞ்சின் நின்றால் திரும்பாதே, திரும்பினால் விழுவாய். நூறு தடவை சொல்லியிருக்கிறார் வேதகிரி சார். மூக்கை இறக்கு, எதிரில் என்ன இருக்கிறதோ அதில் இறங்கு, கொல்லையானாலும் சரி, குளமானாலும் சரி, ஓடுதளம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, அது இனிமேல் உனக்கு இல்லை. பிலவேந்திரனும் நூறு தடவை கேட்டவன்தான். எதிரில் ஏரி, மழையில் கரைவரை நிறைந்து கிடந்தது. அவனுக்கு நீந்தத் தெரியாது. திரும்பினான். இடது இறக்கை சாய்ந்தது, சாய்ந்தபடியே நின்றது, அப்புறம் யாரோ பிடித்திருந்த கையை விட்டதுபோல. இதோ வருகிறது. இடது பக்கம், கீழே, சோளக் கொல்லை. நான் பார்க்கக் கூடாது என்றுதான் ஏறினேன். சோளம் மடங்கிய இடம் ஒரு பாய் விரித்த அளவுதான். எவ்வளவு சிறியது. அதில் ஒரு பசு மேய்ந்துகொண்டிருக்கிறது. உயரமானி இருநூற்றைம்பது அடி காட்டுகிறது, ஆறாவது மந்திரம், எனக்கும் நீந்தத் தெரியாது.

எஞ்சின் நின்றுபோகவில்லை. ஐந்நூறு அடியில் இடப்பக்கம் திரும்பினேன், ஆயிரத்தில் மறுபடி இடப்பக்கம். இப்போது ஓடுதளம் இடது கைப் பக்கத்தில், எதிர்த்திசையில், நாடா மாதிரி நீண்டு கிடக்கிறது. இங்கிருந்து எஞ்சின் நின்றாலும் இறங்கிவிடலாம். இந்த இடத்தில் பயம் விட வேண்டும். விடவில்லை, அது வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. சூரியன் வந்துவிட்டது. பாட்டிலை இந்த வெளிச்சத்தில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விமானப் பெட்ரோலுக்கு லேசாகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள், ரோஜாப்பூ ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள், ஐந்து மாதமாக மஞ்சளைத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் காதர் பாய் சோளக் கொல்லையில், உடையாமல் கிடந்த டாங்கியிலிருந்து இதே பாட்டிலில் பிடித்துச் சூரியனுக்கு நேரே தூக்கிக் காட்டினார். "ஞானம், இதுல கோடு தெரியுதா?" "இல்ல பாய்." "எப்படிப்பா தெரியும்? முழுசும் தண்ணி." கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். அதுவும் தண்ணீர். மூன்றாவதும். நாலாவது பாட்டிலில்தான் கோடு வந்தது, அதற்கு மேலே ரோஜா நிறம். நான் இப்போது இருக்கும் இந்த விமானத்தைச் சக்கரம் கழற்றிக் கொட்டகையில் அடைத்துப் போட்டிருந்ததால், அவன் ஏறிய விமானம் இரண்டு ராத்திரி மழையில் வெளியே நின்றது. டாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. நாலாவது பாட்டிலில். அப்படியென்றால் நான் இரண்டு தடவை பார்த்திருந்தாலும் தண்ணீரைத்தான் பார்த்திருப்பேன், கோடு இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படியென்றால் ஒரு தடவை பார்த்ததும் இரண்டு தடவை பார்த்ததும் ஒன்றுதான். இப்படி நினைக்கும்போது மூச்சு கொஞ்சம் இறங்குகிறது. ஆனால் மோந்து பார்த்திருக்கலாமே. கையெல்லாம் பெட்ரோல் நாற்றம், எதை மோந்தாலும் அதுதான். விரலில் தொட்டிருக்கலாம். பெட்ரோல் தொட்டால் விரல் சில்லென்று உடனே காய்ந்துவிடும், தண்ணீர் ஈரமாகவே இருக்கும். தொட்டேன். மழையில் கை ஏற்கெனவே ஈரம். தொட்டேனா? பாட்டிலைக் கொட்டிய பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்தேன், அது வெகு நேரம் காயவில்லை, டீக்கடைக்குப் போகும் வழியெல்லாம் தொடையில் ஒட்டிக்கொண்டே வந்தது. ஒட்டிக்கொண்டே வந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், மழை என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்ரோல் முள், எண்ணெய் அழுத்தம், எல்லாம் சரி, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும், சொல்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. வலது பக்கம் ஊர். மாதா கோயில் கோபுரம். அதற்குப் பின்னால் மூன்றாவது தெருவில் அவன் வீடு. முந்தாநாள் ஏழாம் நாள் பூசை முடிந்து எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். அவன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அழவில்லை. "தம்பி, ஒண்ணு கேக்கணும். எல்லாரும் அவன் பெட்ரோல பாக்காம ஏறிட்டான்னு பேசிக்கிறாங்க. பங்குச் சாமியார் வரைக்கும் போயிருச்சு. சாப்பிட்ட தட்டயே ரெண்டு தடவ கழுவுவானே தம்பி. படுக்கப் போறப்ப கதவு தாழ்ப்பாள நான் ஒரு தடவ பாத்தா அவன் ஒரு தடவ பாப்பான். அவனா பாக்காம ஏறியிருப்பான்?" நான் காப்பியைக் குடித்தேன். கொதிக்கக் கொதிக்க முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தேன், நாக்கு இன்னும் சொரசொரவென்று இருக்கிறது. சட்டம் சுவரில் தொங்குகிறது: பறக்கிறவன்தான் பார்க்க வேண்டும். அதனால் பார்க்காதவன் பிலவேந்திரன். ஆபீசர் அப்படித்தான் எழுதிக்கொண்டு போவார். நான் பார்த்தேன் என்று சொன்னால்? வேலை போகும். போகட்டும். போலீஸ் வருமா? நான் கொலை செய்யவில்லை. செய்யவில்லையா? கோடு இல்லை என்று சொன்னேன், அவன் நம்பி ஏறினான். பொய் சொல்லவில்லை, கோடு இல்லைதான். இரண்டு தடவை என்றதுதான் பொய். அந்த ஒரு பொய்யும் சொல்லாமல் இருந்திருந்தால், "ஒரு தடவதான்டா பாத்தேன்" என்று சொல்லியிருந்தால், அவன் யார், தட்டை இரண்டு தடவை கழுவுகிறவன், ஷூவை விட்டுவிட்டு வந்து தானே குந்திப் பார்த்திருப்பான். அவனும் தண்ணீரைத்தான் பார்த்திருப்பான். இல்லை, அவன் மூன்றாவதும் பிடித்திருப்பான். நாலாவதும் பிடித்திருப்பான். அவன் அம்மா மூன்று தடவை கேட்கும். இதற்கு மேல் போகாதே. திரும்ப வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

திரும்பினேன். தாமதமாகத் திரும்பியதால் ஓடுதளம் தூரத்தில் தெரிகிறது. த்ராட்டிலைக் குறைத்தால் எஞ்சின் சத்தம் தணிகிறது, தணிந்தால் நின்றுவிட்டதோ என்று மறுபடி தள்ளுகிறேன், தள்ளினால் உயரம் இறங்கவில்லை. ஒருதரம் குறைத்துவிட்டுக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கடைசித் திருப்பம், அவன் திருப்பத்தைப் போலவே இடப்பக்கம், இறக்கை சாயும்போது காலி இருக்கையின் வார் நகர்ந்து என் முழங்கையில் பட்டது. யாரும் இல்லை. நேராக்கினேன். எதிரில் ஓடுதளம், அதன் ஓரத்தில் கொட்டகை, அலுவலகம், அலுவலக வாசலில் பச்சை ஜீப். எட்டு மணி ஆகவில்லையே. ஜீப்புக்குப் பக்கத்தில் மூன்று பேர், மூவரும் என்னை அண்ணாந்து பார்க்கிறார்கள். அப்போது எனக்கு வந்த எண்ணத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எஞ்சின் நின்றால் நல்லது என்று நினைத்தேன். நினைத்த உடனே பயந்துபோய் இரண்டு கையாலும் விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கைப் பிடித்தேன். சாக விருப்பமில்லை. அது அவ்வளவு தெளிவாக, பசி மாதிரித் தெரிந்தது. தரை வந்தது. ஒரு தடவை எகிறி, இரண்டாவது தடவை எகிறி, உட்கார்ந்தது. ஏழு நிமிடம்.

ஆபீசர் டெல்லியிலிருந்து வந்தாரே தவிர, பேசியது பாலக்காட்டுத் தமிழ். வயதானவர், குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். "நன்னா இறங்கினே. கொஞ்சம் குதிச்சுது, பரவால்லே" என்றார். பிறகு, "அன்னைக்கு நீதானே அவன் கூட இருந்தே? கிளம்பறச்சே அவன் பெட்ரோல் பாத்தானோ? நீ கண்டயோ?" வேதகிரி சார் துணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதர் பாய் விசிறியில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவன் அம்மா ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, தரையில் என் கால் இருந்தது, அது அங்கேயே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். "பாத்தான் சார்" என்றேன். "டார்ச் வச்சு ரெண்டு தடவ பாத்தான். கோடு இல்லன்னு சொன்னான்." என் வார்த்தைகளை எடுத்து அவன் வாயில் வைத்துவிட்டேன். ஆபீசர் தலையாட்டி எழுதிக்கொண்டார். "பாவம். முழுக்க ஜலம்னா கோடு எப்படித் தெரியும்? பாத்தும் ஏமாந்திருக்கான்." அறிக்கையும் அப்படியே வந்தது: சோதித்தார், இருட்டில் தவறாகக் கணித்தார். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். "பாத்தான்ல? அது போதும் தம்பி. எனக்கு அது போதும்" என்றார்கள். சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார்கள். நான் மறுபடி பறக்கவில்லை. தபால் ஆபீஸிலேயே ஓய்வு பெற்றேன். சிசிலியைக் கல்யாணம் செய்த முதல் வாரமே அவள் கவனித்துவிட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் நான் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன் என்று. அதற்காகவே எவர்சில்வரை எடுத்து வைத்துவிட்டுக் கண்ணாடி டம்ளர் வாங்கினாள். "என்ன, மீன் கீன் ஓடுதா?" என்று நாற்பத்தொரு வருடம் கேட்டாள். ஒருநாளாவது ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவள் போன பிறகு நினைத்துக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். அன்று ஆபீசரின் ஜீப் போன பிறகு, காதர் பாய் அந்த மருந்து பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இத நீ வச்சுக்க. இங்க வேற வாங்கிக்கிறோம்." அவரும் போய் முப்பது வருடம் இருக்கும். பாட்டில் அலமாரியில், சிசிலியின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு வேளைக்கு ஆறு பல் வெட்டிய காகிதம்; அதில் நாலு மிஞ்சியிருக்கிறது.